ஓசூர் பெங்களூரின் வால் பகுதியா, தன் காலில் நிற்கும் ஊரா? மகளை வேலைக்கு அனுப்பும் முன் விவரம் தேவை

புதுவயல் மில்காரர் எழுதியது:

வணக்கம். என் மகள் காரைக்குடியில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறாள். இருசக்கர வாகனங்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள நிறுவனம் ஒன்று அவளைப் பயிற்சியாளராகத் தேர்ந்தெடுத்து, அடுத்த மாதம் வந்து சேரச் சொல்லியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஓசூரை, பெங்களூர் போகும் இரவுப் பேருந்து விடியற்காலையில் நின்று புறப்படும் நிறுத்தம் என்ற அளவில்தான் தெரியும். அங்கே இறங்கி ஊரைப் பார்த்தவர்கள் என் சுற்றத்தில் யாரும் இல்லை.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு நடக்கிறது. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் என் மைத்துனர் குடும்பம் இருப்பதால், பிள்ளை அங்கே தங்கி வேலைக்குப் போய்வரட்டும், இரண்டும் இப்போது ஒரே ஊர்தானே என்பது என் மனைவியின் கட்சி. பெங்களூரை அண்டிப் பிழைக்கும் ஊரில் வேலை நிலைக்காது, அதைவிடச் சென்னைப் பக்கம் பார்க்கலாம் என்பது என் அண்ணனின் எண்ணம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறிய சீமையில் பிறந்துவிட்டு ஒரு ராத்திரிப் பயணத்துக்கு இவ்வளவு யோசனையா என்று என் தாயார் எங்கள் எல்லோரையும் சேர்த்துக் கடிந்துகொள்கிறார்.

ஓசூர் எப்படி வளர்ந்த ஊர், அங்கே தொழில் எதன்மேல் நிற்கிறது, தனியாக வரும் பெண்பிள்ளை எங்கே தங்குவது நல்லது என்பதை அங்கே இருப்பவர்கள் விவரமாக எழுதினால் உதவியாக இருக்கும்.


மத்திகிரியில் இருக்கும் தேவகோட்டைக்காரர் எழுதியது:

ஐயா, தங்கும் இடத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஒயிட்ஃபீல்டு யோசனையை விட்டுவிடுங்கள். அது பெங்களூரின் கிழக்குக் கோடி. அங்கிருந்து சர்ஜாப்பூர், அத்திப்பள்ளி வழியாக ஓசூர் வந்து சேர்வதற்குள் பிள்ளை பாதி களைத்துவிடுவாள். ஓசூரில் பெரும்பாலான தொழிற்சாலைகள் ஷிப்ட் முறையில் நடப்பவை. காலை ஷிப்ட் 6 மணியை ஒட்டித் தொடங்கும் என்றால், ஒயிட்ஃபீல்டில் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பெனிப் பேருந்துகள் ஓசூரையும் சுற்றுக் கிராமங்களையும், சில நிறுவனங்களில் எலக்ட்ரானிக் சிட்டி வரையிலும் போகும். அதற்கு அப்பால் தங்குபவர் தம் பாட்டைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி ஊரைப் பற்றி. பெங்களூரின் நடுப்பகுதியிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மாநில எல்லையை ஒட்டி ஓசூர் இருக்கிறது. ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் கால் வைத்தால் கர்நாடகம். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து புழங்கும் தாலுகா இது. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது சென்னை மாநிலத்தோடு, அன்றைய சேலம் மாவட்டத்தில் நின்றது. பிறகு 1965இல் தருமபுரி மாவட்டம், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று மாறிவந்தது. ராகியும் கொள்ளும் அவரையும் விளையும் மேட்டு நிலமாகவும், மத்திகிரியின் அரசுக் கால்நடைப் பண்ணைக்குப் பேர்போன இடமாகவும் இருந்த ஊருக்குத் தொழில் வந்ததற்குக் காரணம் அந்த எல்லைக்கோடுதான் என்பது என் கருத்து. பெங்களூருக்குப் பக்கத்தில் இருந்தது என்பது மட்டும் காரணமாக இருந்திருந்தால் கனகபுராவும் மாகடியும் இதே காலத்தில் இதே அளவு வளர்ந்திருக்க வேண்டுமே.

1970களில் நடந்ததைப் பாருங்கள். பெங்களூரில் அதற்குள் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். என்று பொதுத்துறைத் தொழிற்சாலைகள் வேரூன்றி, இயந்திர வேலை தெரிந்த ஒரு தலைமுறையே உருவாகியிருந்தது. தமிழக அரசு 1971இல் சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கி, பின்தங்கிய பகுதிகளில் நிலமும் மின்சாரமும் தண்ணீரும் ஏற்பாடு செய்து, மானியமும் விற்பனை வரிச் சலுகையும் கொடுத்துத் தொழில்களை அழைத்தது. பின்தங்கிய பகுதி என்ற சலுகையும், அரை நாளில் போய்வரும் தூரத்தில் ஒரு பெருநகரமும் சேர்ந்து கிடைக்கும் இடம் தமிழ்நாட்டில் வேறு எது? முதலாளியும் மேலாளரும் பெங்களூரில் குடியிருக்கலாம், ஆலை தமிழ்நாட்டுச் சலுகையில் நடக்கலாம். இரண்டு அரசுகளுக்கு நடுவே கோடு ஒன்று இருந்ததால்தான் இந்த வசதி.

1980இல் அசோக் லேலண்ட் இங்கே ஆலை திறந்தது. அதே ஆண்டு டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்தது. நம் ஊர்ப் பக்கம் பால் கேன் கட்டிப் போகும் வண்டி என்றால் அதுதானே. டாட்டா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய டைட்டன் நிறுவனம் 1987இல் இங்கே கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. பின்னர் தனிஷ்க் நகைகளுக்கான ஆலையும் ஓசூரிலேயே அமைந்தது. லாரி, மொபெட், கடிகாரம், நகை ஆகிய நான்குக்கும் தேவைப்படும் கைத்திறன் வெவ்வேறு. ஊரின் தொழில் அகலமாக நிற்பதற்கு அந்தத் தொடக்கமே காரணம்.

உங்கள் மகள் சேரப் போவது, வண்டியை முழுதாகச் செய்யும் தாய் நிறுவனங்களுக்கு அடுத்த படியில் இருக்கும், இங்கே வெண்டர் என்று சொல்லப்படும் நிறுவனம் என்று தெரிகிறது. ஓசூரின் உண்மையான முதுகெலும்பு இவர்கள்தான். மூக்கண்டப்பள்ளியிலும் சிட்கோ சிறுதொழிற்பேட்டையிலும் பாகலூர் சாலையிலும் நடந்து பாருங்கள். தகரக் கொட்டகை அளவிலான பட்டறையில் கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரங்கள் நான்கு ஓடும். ஒரு மூலையில் வெட்டி எடுத்த இரும்புச் சுருள் எண்ணெய் வடியக் குவிந்து கிடக்கும். வாசலருகே மேசையில் ஒரு பெண் கேஜ் என்ற அளவுகருவி வைத்து ஒவ்வொரு ஷாஃப்டாகச் சோதித்துத் தேறியதைப் பச்சைத் தட்டிலும் தேறாததைச் சிவப்புத் தட்டிலுமாகப் போட்டுக்கொண்டிருப்பார். பச்சைத் தட்டு நிறைந்ததும் ஒரு சின்ன யானை வண்டி அதை ஏற்றிக்கொண்டு, முலாம் பூசுவதற்கோ வெப்பப் பதப்படுத்துவதற்கோ வேறொரு பட்டறைக்குப் போகும். அங்கிருந்து மூன்றாவது இடத்தில் இன்னொரு பாகத்தோடு சேர்ந்து, கடைசியில் தாய் நிறுவனத்தின் அசெம்பிளி வரிசைக்கு, அங்கே தேவைப்படும் நேரத்துக்கு முன்பும் பின்பும் இல்லாமல் போய்ச் சேர வேண்டும். தாய் நிறுவனம் சரக்கைக் கிடங்கில் அடுக்கி வைப்பதில்லை. வெண்டர் தாமதித்தால் அங்கே வரிசை நின்றுவிடும். அதனால்தான் இந்தப் பட்டறைகள் தாய் ஆலையைச் சுற்றியே இருக்கின்றன. ஒரு ஆலை மட்டும் இடம் மாறுவது எளிது. இப்படிப் பின்னிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான பட்டறைகளைப் பெயர்த்துக்கொண்டு யாரும் போக முடியாது. உங்கள் அண்ணனின் கேள்விக்கு இதுவே என் பதில்.

மந்தமே வராது என்று சொல்லவில்லை. 2019இல் நாடு முழுவதும் வாகன விற்பனை படுத்தபோது அசோக் லேலண்ட் இங்குள்ள ஆலைகளில் உற்பத்தி இல்லாத நாட்களை அறிவித்தது. வெண்டர்களிடம் ஓவர்டைம் நின்றது, ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர் வீடு திரும்பினார்கள். ஆனால் அதற்குப் பெங்களூர் காரணமில்லை என்பதைக் கவனியுங்கள். ஓசூரின் நல்லது கெட்டது நாட்டில் லாரியும் பைக்கும் விற்பதைப் பொறுத்தது. பெங்களூரின் மென்பொருள் தொழில் தும்மினால் இங்கே ஆட்டம் காண்பது வீட்டு மனை விலைதான்.


பள்ளத்தூர்ப் பெண், இப்போது ஓசூர் எழுதியது:

தேவகோட்டை அண்ணன் ஊரின் கதையை எழுதிவிட்டதால், நான் தங்குவதையும் வேலைக்கான காகிதங்களையும் பற்றி மட்டும் எழுதுகிறேன். நானும் டிப்ளமோ முடித்துவிட்டு இங்கே வந்து, தர ஆய்வுப் பிரிவில் வேலை செய்கிறேன்.

பெண்பிள்ளையைத் தனியாக அனுப்புகிறோமே என்ற கவலை எங்கள் வீட்டிலும் இருந்தது. இங்கே வந்து பார்த்தால், அதிகாலையில் சிப்காட் சாலை நெடுகக் கழுத்தில் அடையாள அட்டையோடு கம்பெனிப் பேருந்துக்கு நிற்பவர்களில் பெண்கள் கணிசம். கடிகாரம், மின்னணுப் பொருள், மின்சார ஸ்கூட்டர் போன்ற வேலைகளில் பெண்களை நிறைய எடுக்கிறார்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் கைப்பேசிக்கான பாகங்கள் செய்யும் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் பெரும்பாலோர் பெண்களே. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களிலிருந்தும், வடமாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கி வேலை பார்க்கிறார்கள். எனவே தனியாக அறை தேடும் பெண்ணை இந்த ஊர் விநோதமாகப் பார்ப்பதில்லை.

சேர்ந்த புதிதில் கம்பெனி விடுதி இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சாப்பாடு நமக்கு ஒத்துவராது, காரைக்குடி நாக்குக்கு உப்பும் உறைப்பும் இல்லாத சாம்பாராகத் தெரியும். ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது வாசல் வரை பேருந்து வரும் நிம்மதிக்கு ஈடு கிடையாது. பிறகு இரண்டு மூன்று தோழிகளாகச் சேர்ந்து வீடு பார்க்கலாம். ராயக்கோட்டை சாலையில் ஹவுசிங் போர்டு, ஹட்கோ, மத்திகிரி ஆகிய இடங்கள் குடும்பங்கள் நிறைந்தவை. சிப்காட்டை ஒட்டிய சந்துகளில் வாடகை குறைவாக இருக்கும், ஆனால் ஒரு வரிசையில் எட்டு பத்து அறைகள், பொதுக் குழாய், லாரி நெரிசல் என்று இருக்கும். வீடு பார்க்கும்போது தண்ணீரை விசாரிக்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு பிரச்சினை உண்டு. அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து, 2013இல் தொடங்கினார்கள். குடிக்கக் காவிரித் தண்ணீர் வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, மற்ற புழக்கத்துக்குப் போர்வெல்லா டேங்கரா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாவிடம் இன்னொரு முறை கேட்க வேண்டும். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் வீட்டை எடுக்கலாம்.

மொழிக்குப் பயப்படத் தேவையில்லை. கடையில் தெலுங்கில் கேட்பார்கள், தமிழில் சொன்னால் தமிழுக்கு மாறிவிடுவார்கள். சந்தையில் ஒரே ஆள் மூன்று பேரிடம் மூன்று மொழியில் விலை சொல்வது இங்கே சாதாரணம். வேலை இடத்தில் இந்தி காதில் விழுந்துகொண்டே இருக்கும், கொஞ்சம் கற்றுக்கொண்டால் மேலே வர உதவும்.

ஐயா, நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டியது பணி நியமனக் கடிதத்தைத்தான். பயிற்சியாளர் என்ற ஒரு பெயருக்குள் பல வகை இருக்கிறது. அப்ரண்டிஸ் சட்டப்படி எடுத்தால் உதவித்தொகை தருவார்கள், பி.எஃப். பிடிக்க மாட்டார்கள், முடிவில் சான்றிதழ் கிடைக்கும், வேலைக்கு உறுதி இராது. கம்பெனியின் சொந்தப் பயிற்சியாளராக எடுத்து ஓராண்டுக்குப் பின் நிரந்தரம் செய்வது இன்னொன்று. மூன்றாவது, கடிதத்தின் மேலே ஒரு பெயரும், கீழே கையெழுத்துப் போடும் இடத்தில் ஒப்பந்ததாரர் பெயரும் இருப்பது. என் அறைத்தோழி ஒருத்திக்கு மூன்றாவது வகைதான் வாய்த்தது. சம்பளத்தில் மாதாமாதம் பி.எஃப். பிடித்த ஒப்பந்ததாரர் அதைக் கணக்கில் கட்டவே இல்லை என்பது அவள் வேலையை விட்டு விலகும்போதுதான் தெரிந்தது. யு.ஏ.என். என்ற பி.எஃப். கணக்கு எண் வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு மாதமும் கைப்பேசியில் கணக்கைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். உங்கள் மகளுக்கு வந்த கடிதம் இந்த மூன்றில் எது என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

குளிரையும் சொல்லிவிடுகிறேன். மார்கழி, தை மாதங்களில் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது பல் அடித்துக்கொள்ளும். நம் ஊரில் கம்பளி விற்கும் கடையைத் தேடி அலையாமல் இங்கே வந்தே வாங்கிக்கொள்ளலாம்.


அம்பத்தூரில் ஓய்வுபெற்றவர் எழுதியது:

நான் கானாடுகாத்தான் பக்கத்து ஆள். வேலைக் காலம் முழுவதும் அம்பத்தூரில் கழிந்தது. பள்ளத்தூர் முருகப்பா குடும்பத்தார் 1949இல் இங்கிலாந்து நிறுவனம் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து சைக்கிள் தொழிலைக் கொண்டுவந்ததும், 1960களில் பக்கத்திலேயே அரசு தொழிற்பேட்டை அமைந்ததும் அந்த ஊரை உருவாக்கின. நம் சீமையிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அங்கே போய்க் கால் ஊன்றின. காரைக்குடியிலிருந்து நேரே ரயில், மூலைக்கு மூலை உறவினர், கோயில், நகரத்தார் விடுதி என்று எல்லாம் இருக்கும் சென்னையை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஓசூருக்குப் பெண்பிள்ளையை ஏன் அனுப்ப வேண்டும்? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இதே வாகன உதிரிபாக வேலை கிடைக்குமே. உங்கள் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.


மத்திகிரியில் இருக்கும் தேவகோட்டைக்காரர் எழுதியது:

அம்பத்தூர் ஐயா சொல்லும் உறவினர் ஆதரவை நான் மறுக்கவில்லை. அது பெரிய பலம்தான். ஆனால் தொழில் நிலைப்பதைப் பற்றி என்றால், ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்துவிட்டு 2014இல் மூடப்பட்டதை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. பெருநகரத்தை ஒட்டி இருந்தால் மட்டும் போதாது, என்ன வகைத் தொழில் எத்தனை கைகளில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அம்பத்தூரே நல்ல ஒப்பீடு என்றுதான் சொல்வேன். அது 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. தொழிற்பேட்டை நிலத்தின் விலை ஏற ஏற, பட்டறை இருந்த இடங்களில் மென்பொருள் அலுவலகங்கள் எழுந்தன. ஓசூருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. பெங்களூர் எவ்வளவு பெருத்தாலும் மாநில எல்லையைத் தாண்டி ஓசூரை விழுங்க முடியாது. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,17,000 பேர் இருந்த நகராட்சி, சுற்றியிருந்த மத்திகிரி, மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி, ஆவலப்பள்ளி ஆகியவற்றைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு 2019இல் தானே மாநகராட்சி ஆயிற்று. இங்கே இரும்புத் தூள் பறக்கும் இடம் இன்றும் இரும்புத் தூள் பறக்கும் இடமாகவே இருக்கிறது. டிப்ளமோ படித்த பிள்ளைக்கு அது நல்லது.


சிக்ரியில் பணியாற்றியவர் எழுதியது:

எல்லைக்கோடு ஓசூரை வளர்த்தது என்ற கருத்தை ஏற்கிறேன். அதே கோடு இப்போது ஊரை எங்கெல்லாம் இடிக்கிறது என்பதையும் சொன்னால்தான் கேட்டவருக்கு முழுப் படம் கிடைக்கும்.

பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டது. அங்கிருந்து ஓசூருக்குத் திட்டமிட்ட தடம் ஏறத்தாழ 23 கிலோமீட்டர்தான், அதில் பாதியளவு தமிழ்நாட்டுக்குள் வருகிறது. நீட்டிக்கலாம் என்று பேச்சு எழுந்ததும், அங்கே தண்டவாளத்தை ஒட்டிய மூன்றாம் தடத்தில் 750 வோல்ட் நேர்மின்சாரம், தமிழ்நாடு முன்வைப்பதோ மேல்நிலைக் கம்பியில் 25,000 வோல்ட், இரண்டும் ஒத்துவராது என்று பெங்களூர்த் தரப்பில் சொல்லிவிட்டார்கள். விமான நிலையமும் அப்படித்தான். ஓசூரில் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆனால் பெங்களூர் விமான நிலையத்துக்கு மத்திய அரசு கொடுத்த ஒப்பந்தத்தின்படி, 150 கிலோமீட்டர் தொலைவுக்குள் 2033 வரை புதிய பெரிய விமான நிலையம் வருவதற்குத் தடை இருக்கிறது. எனவே இவற்றையெல்லாம் காட்டி மனை விற்க வருபவர்களிடம் உங்கள் மகள் எச்சரிக்கையாக இருக்கட்டும். பயிற்சி முடிவதற்குள் வார இறுதிகளில் துண்டுச்சீட்டு நீட்டுபவர்கள் நிறையப் பேர் வருவார்கள்.

ஆற்று விஷயம் இன்னும் கடுமையானது. தென்பெண்ணை கர்நாடகத்தில் பிறந்து பெங்களூர்ப் பக்கத்துக் கழிவுகளையும் சுமந்துகொண்டு தமிழ்நாட்டுக்குள் வருகிறது. வந்ததும் முதலில் தேங்குவது ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில். மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் வெண்ணுரை ஆள் உயரத்துக்குப் பொங்கித் தரைப்பாலத்தையே மறைக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் கீழே காய்கறி விளைகிறது. பெருநகரத்துக்குக் கீழ்ப்புறத்தில், வேறொரு மாநிலத்தில் இருப்பதன் விலை இது. ஓசூர்க்காரர்கள் முறையிட வேண்டிய அரசு ஒன்று, கழிவைத் தடுக்க வேண்டிய அரசு வேறொன்று.

இத்தனையையும் மீறி இந்த ஊரின் அடுத்த கட்டத்தை நான் நம்பிக்கையோடு பார்ப்பதற்குக் காரணம் மின்சார வாகனங்கள். ஏத்தர் நிறுவனத்துக்குத் தலைமையிடம் பெங்களூர், ஆனால் ஸ்கூட்டர் செய்ய ஓசூருக்குத்தான் வந்தது. ஓலாவின் ஆலை இதே மாவட்டத்தில் போச்சம்பள்ளியில் இருக்கிறது. டி.வி.எஸ். நிறுவனமும் மின்சார ஸ்கூட்டரை இங்கிருந்தே செய்கிறது. பெட்ரோல் வண்டியின் கியரும் பிஸ்டனும் செய்யும் வெண்டர்களுக்கு இது ஓரளவு சோதனைக் காலம், ஏனெனில் மின்சார வண்டியில் அந்தப் பாகங்களுக்கு வேலை இல்லை. வண்டியின் சட்டகமும் பிரேக்கும் சக்கரமும் செய்பவர்களுக்குக் கவலை இல்லை. உங்கள் மகளின் நிறுவனம் எந்தப் பாகம் செய்கிறது என்பதை ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். எஞ்சினுக்குள் போகும் பாகம் என்றால், அங்கேயே இருந்துவிடாமல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மின்கலம், மோட்டார் பக்கம் மாறுவதற்கு ஆயத்தமாக இருப்பது நல்லது. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான நம் காரைக்குடி சிக்ரியில் லித்தியம் அயனி மின்கல ஆய்வு நீண்ட காலமாக நடக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் கொண்டுவந்த நிறுவனத்தின் வாசலில் வளர்ந்த பிள்ளைகள் இந்த வேலையைச் சென்னையிலும் ஓசூரிலும் போய்ப் பார்ப்பது எனக்கு ஒரு குறைதான். சிவகங்கைச் சீமையில் அப்படி ஒரு தொழிற்பேட்டை ஏன் எழவில்லை என்பதைத் தனி இழையில் பேசலாம்.


மத்திகிரியில் இருக்கும் தேவகோட்டைக்காரர் எழுதியது:

நுரையைச் சொன்னவர் பூவையும் சொல்லியிருக்கலாம். இந்த உயரமும் இரவுக் குளிரும் செம்மண்ணும் சேர்ந்து ஓசூர், தளி, பேரிகை வட்டாரத்தை ரோஜாத் தோட்டமாக்கியிருக்கின்றன. பசுமைக் குடிலில் விளையும் தாஜ்மஹால் வகைச் சிவப்பு ரோஜா, பிப்ரவரி 14ஐ ஒட்டிப் பெங்களூர் விமான நிலையம் வழியாக வெளிநாடு போகிறது. சிப்காட் மதில் முடிகிற இடத்தில் முட்டைக்கோஸ் வயல் தொடங்குவதையும், சானமாவுக் காட்டில் யானை இறங்கியிருக்கிறது என்று வனத்துறை ஒலிபெருக்கியில் எச்சரிப்பதையும் ஒரே மாலையில் பார்க்கலாம். ராகி முற்றும் பருவத்தில் யானைகள் கூட்டமாகவே வரும். ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்ற வேண்டும் என்றால் மலைமேல் சந்திரசூடேசுவரர் கோயிலும், ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி வீடும் பக்கத்திலேயே இருக்கின்றன.


புதுவயல் மில்காரர் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கடிதத்தை எடுத்துப் பார்த்தோம். கம்பெனியின் பெயரிலேயே, ஓராண்டுப் பயிற்சி என்று இருக்கிறது, முதல் மாதத்திலிருந்தே பி.எஃப். பிடிப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். தொலைபேசியில் கேட்டதில், அவர்கள் செய்வது பிரேக் பாகங்கள் என்றார்கள். பெண்கள் விடுதியும் இருக்கிறது. ஒயிட்ஃபீல்டு பேச்சை வீட்டில் முடித்துவிட்டோம், அண்ணன் மட்டும் இன்னும் முகம் கொடுக்கவில்லை. மகளைக் கொண்டுபோய் விட நானும் என் மனைவியும் வருகிறோம். ரயிலா பேருந்தா, எங்கே இறங்குவது என்று மட்டும் சொல்லுங்கள். வேலை பார்த்துக்கொண்டே பி.இ. படிக்க அங்கே வழி உண்டா என்று மகள் கேட்கச் சொன்னாள்.


பள்ளத்தூர்ப் பெண், இப்போது ஓசூர் எழுதியது:

நல்லது ஐயா. ரயில் என்றால் மதுரை போய், தூத்துக்குடி மைசூரு விரைவு வண்டியைப் பிடிக்கலாம். அது கரூர், சேலம், தருமபுரி வழியாக ஓசூருக்கே வரும். ஆனால் மூவரும் பெட்டி படுக்கையோடு மதுரையில் மாறுவதைவிட, காரைக்குடியிலிருந்து திருச்சி, நாமக்கல், சேலம் வழியாகப் பெங்களூர் வரும் இரவுப் பேருந்தே வசதி. 400 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம். பயணச்சீட்டு எடுக்கும்போதே, வண்டி ஓசூர்ப் பேருந்து நிலையத்துக்குள் வருமா, மேம்பாலத்துக்கு அருகே நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிடுமா என்று கேட்டு வையுங்கள். தனியார் வண்டிகள் பல உள்ளே வருவதில்லை. இருட்டில் சாலையோரம் இறங்க நேர்ந்தால், ஆட்டோக்காரர் கேட்பதில் பாதியிலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள்.

படிப்புக்கு, அதியமான் பொறியியல் கல்லூரி உட்படச் சில கல்லூரிகள் இங்கே இருக்கின்றன. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்ற நேரத்தில் வகுப்பு நடக்கிறதா என்பதை நேரில் போய்க் கேட்பதே சரி. ஷிப்ட் மாறி மாறி வரும் முதல் ஆண்டில் அதைத் தொடங்க வேண்டாம் என்பது என் எண்ணம். பயிற்சி முடிந்து பொது ஷிப்ட் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். சேரும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக வந்தால் விடுதியில் பெயர் பதிவது, வங்கிக் கணக்கு, மருத்துவப் பரிசோதனை எல்லாவற்றையும் அவசரமில்லாமல் முடிக்கலாம். மதிப்பெண் பட்டியல்களின் மூலப் பிரதியைக் கம்பெனி கேட்டால் சரிபார்க்க மட்டும் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், யாரிடமும் விட்டுவிட்டு வர வேண்டாம்.